பாதியில் நிற்கும் வீச்சு

சுவிஸின் பீல் நகரில் என் மகன் பேஸ்போல் விளையாடிய காலத்தில் நானும் கூடவே மைதானத்துக்குப் போவேன். அவன் விளையாட்டை விட்டான், நான் விடவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பழக்குபவளாக அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு வசந்தத்தில் பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வந்து சேர்ந்தாள். நல்ல கண் அவளுக்கு. எந்தப் பந்தையும் தவறவிடமாட்டாள். ஆனால் பந்தில் பட்டதும் மட்டை அப்படியே நின்றுவிடும். பந்து காலடிக்குக் கிட்டவே உருண்டு ஓயும்.

"பட்ட பிறகும் நிப்பாட்டாதை பிள்ளை. மட்டை தோளுக்கு மேலால சுத்திப் போகவேணும். முடியேக்க உன்ர வயிறு பந்து போடுறவரைப் பாக்கவேணும்."

பின்னால் நின்று கைகளைப் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். நான் பிடித்தால் வரும், விட்டால் நிற்கும்.

"வீட்டில பழகுறனீயோ?"

"ஓம் அன்ரி. ஒவ்வொரு நாளும்."

"இன்னும் கொஞ்சம் கூடப் பழகு."

கோடை முழுக்க இதைத்தான் சொன்னேன். அவளுடைய வீச்சு இன்னும் இறுகிப்போனது.

கோடை முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை மழை கொட்டியது. அவளை என் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தாய் தேத்தண்ணி வைத்தா. வாசலோடு ஒரு ஒடுங்கிய நடை. ஒரு பக்கம் சப்பாத்துத் தட்டு, மறுபக்கம் குளிர்ச்சட்டைகள். அதற்குள் நின்று வீசிக் காட்டினாள். சுவருக்கு ஒரு சாண் முன்னால் மட்டை நின்றது.

"சுவரில முட்டினா பக்கத்து வீட்டு மனுசி வந்து பேசுவா அக்கா. அதுதான் முட்டாமல் நிப்பாட்டப் பழகிட்டாள்," என்றா தாய், பெருமையாக. இன்னும் கூடப் பழகு என்று கோடை முழுக்க நான் அனுப்பியது இந்த நடைக்குள்தான்.

அடுத்த கிழமையிலிருந்து மற்றவர்களுக்கு முன்னமே அவளை மைதானத்துக்குக் கூப்பிட்டேன். பந்தில்லாமல் வெறும் வெளியில் வீசவைத்தேன். ஒருநாள் மட்டை முழுக்கச் சுற்றி அவள் முதுகில் தட்டியது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் அதற்குள் தாய்க்கு லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. அந்த வீச்சோடு ஒரு போட்டிகூட ஆடாமல் அவள் போய்விட்டாள்.

பனிக்காலத்தில் தாய்க்குப் போன் எடுத்தேன்.

"அவள் இப்ப நீந்தப் போறாள் அக்கா. பேஸ்போலுக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு நேரமில்லை. மட்டையைப் பக்கத்துப் பெடியனுக்குக் குடுத்திட்டாள்."

நல்லது என்று சொல்லி வைத்தேன். வீட்டில் எங்கே நின்று பழகுகிறாய் என்று வசந்தத்திலேயே கேட்டிருந்தால், ஒரு கோடையாவது அவள் அடித்த பந்து தூரப் போயிருக்கும்.