கத்தி சிற்றம்பலத்தின் நீலக் கொக்கு

சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே போய் 'கத்தி சிற்றம்பலம் வீடு எது?' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். பேரைக் கேட்டுவிட்டு மீசையும் உருட்டுக் கண்ணுமாக ஓர் ஆளை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஒடிசலான உடம்பு, தடித்த கண்ணாடி, மாமியார் கனைத்தால் எழுந்து நிற்கிற பணிவு. அவர் வீட்டோடு மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தையில் அவர் கதை பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிதான் கத்தி.

பிறந்தது திட்டக்குடிப் பக்கம். அண்ணன் தம்பி நிறைய, நிலம் கொஞ்சம். லோகநாயகியைக் கட்டிய வருஷமே மாமனார் கண்ணை மூடிவிட்டார். மச்சான் கொளஞ்சியப்பனுக்கு அப்போது எட்டு வயது. "பையன் தலையெடுக்கற வரைக்கும் இங்கியே இருங்க மாப்ள, வீட்டுக்கு ஒரு ஆம்பள வேணும்" என்று மாமியார் தில்லையம்மாள் கேட்டார். பையன் தலையெடுத்தான், மீசையும் எடுத்தான், கடலூருக்குப் போய் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தரகுகூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவன் படித்து முடித்தால்தான் சிற்றம்பலம் கைக்குப் பேப்பர் வரும் என்கிற அளவுக்கு வீட்டில் அவன் கொடி பறந்தது. பதினாலு வருஷமாகியும் சிற்றம்பலம் கிளம்பவில்லை. இரண்டு பெண்கள் பிறந்துவிட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் பழைய கைலித் துண்டில் சுற்றி முப்பத்தோரு பேனாக்கத்திகள்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுன் துறைமுகத்தில், ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவருக்குக் கிளார்க்கு வேலை. காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் வருவார். கடலூரில் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நிற்கும். மூட்டைகள் படகில் போகும். கூடவே இவரும் போய்க் கப்பலின் மேல்தட்டில் நின்று மூட்டை எண்ணுவார். அப்படி நிற்கும்போது கப்பல்காரன் ஒருவன் கொடுத்ததுதான் முதல் கத்தி. டயர் கம்பெனி பேர் போட்டது. டயர்க்காரன் எதற்குக் கத்தி செய்கிறான் என்று மண்டையைக் குடைந்துகொண்டவர், நாலைந்து கப்பல் வந்து போவதற்குள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டயர்க்காரன் கத்தி செய்வதே இல்லை. கத்திப் பட்டறைக்காரன் வேறு ஆள். டயர்க்காரனிடம் அனுமதி வாங்கி அவன் பேரைக் கைப்பிடியில் போட்டுக்கொள்கிறான். தன் முத்திரையை அலகின் அடியில், பாதி திறந்தால்தான் தெரிகிற இடத்தில் அடித்துவைக்கிறான்.

அதன் பிறகு அவர் பைத்தியம் அதுதான். கைப்பிடியில் ஒருவன் பேர், அடியில் இன்னொருவன் முத்திரை, இரண்டும் இருந்தால் அசல். கைப்பிடியில் மட்டும் பளபளவென்று இருந்து, நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் வந்தால் போலி. பெயிண்ட் கம்பெனி, சிகரெட் கம்பெனி, பால்பவுடர் என்று டப்பா நிறைந்தது. ஆயுத பூஜைக்கு முப்பத்தொன்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார். "வெட்டறதுக்கு ஒரு வெண்டக்கா இல்ல, பொட்டு மட்டும் முப்பத்தொண்ணு" என்பார் தில்லையம்மாள்.

கத்திகளில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தவர் தேவசகாயம். சரக்குப் படகில் வேலை, கப்பல்காரர்களோடு கைச்சாடையிலேயே கதை பேசுகிற ஆள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது நம் பக்கத்து வழக்கம். கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எங்க வேதத்துல இதெல்லாம் கெடயாது கிளார்க்கே" என்று தேவசகாயம் சிரிப்பார். ஆனாலும் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கையில் கொடுத்ததில்லை. படகுப் பலகையில் வைத்துவிட்டு, "எடுத்துக்க, நம்ம சிநேகிதம் அறுந்துடப் போவுது" என்பார்.

நீலக் கொக்கும் அப்படி வந்ததுதான். என்ஜின் ஆயில் கம்பெனி ஒன்றின் அடையாளம் அது. மஞ்சள் கைப்பிடியில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. அலகின் அடியில் பட்டறைக்காரனின் முத்திரை, ஒரு சின்ன மணி. அந்த மணிக்கு நாக்குக் கிடையாது. போலி அடிக்கிறவன் மணி என்றால் நாக்கு இருக்கும் என்று நினைத்து அதையும் போட்டுவிடுவான், அங்கேதான் மாட்டிக்கொள்வான். இதைச் சிற்றம்பலம் தேவசகாயத்துக்கு ஒரு பகல் முழுக்க விளக்கினார். மூட்டை எண்ணிக்கை அன்றைக்கு இரண்டு தடவை தப்பியது.

அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். ஓ.டி. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் மாலை மங்குகிற நேரத்தில் குப்பன் என்கிற மல்லாட்டைத் தரகரை யாரோ பின்னாலிருந்து இடுப்பில் குத்திவிட்டு ஓடிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆளை அவர் பார்க்கவில்லை. கத்தி மட்டும் அங்கேயே கிடந்தது. மறுநாள் துறைமுகத்துக்கு வந்த போலீஸ் அதிகாரி நேரே சிற்றம்பலத்திடம் வந்தார். ஊரில் கத்தி என்றால் இவர்தானே.

அதிகாரி காகிதத்தைப் பிரித்துக் கத்தியைப் பாதி திறந்து காட்டினார். கொக்கும் மணியும் கண்ணில் பட்டதுதான் தாமதம், எதற்குக் கேட்கிறார்கள் என்றுகூட யோசிக்கவில்லை இந்த மனுஷன்.

"அசல் சார். சத்தியமா அசல். இது கப்பல்ல போய் வாங்குனாத்தான் உண்டு, கரையில எந்தக் கடையிலயும் கெடைக்காது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பெருமையாகச் சொல்லிவிட்டுக் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். கைப்பிடி ஓரத்தில் ஊதுபத்தி சுட்ட கறுப்புப் புள்ளி. போன ஆயுத பூஜையில் அவரே சுட்டது. அது அவருடைய கத்தி.

முந்தின நாள் கொளஞ்சியப்பன் வலது கையில் கட்டோடு வந்து, பஸ் கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. பேனாக்கத்தி குத்துவதற்கு ஆகாது. அலகை நிறுத்திப் பிடிக்கிற பூட்டு அதில் இல்லை. ஓங்கிக் குத்தினால் மடங்கிவந்து குத்தினவன் விரல்களையே அறுக்கும். இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு எந்தப் போலீசும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தார். முப்பதுதான் இருந்தது.

"கோவம் வந்துட்டுது மாமா. அந்தக் குப்பன் எல்லார் எதிர்லயும் அசிங்கமா பேசிட்டான்" என்றான் கொளஞ்சியப்பன், தலையைக் குனிந்துகொண்டு. நாலு விரலிலும் குறுக்காக ஒரே வெட்டு.

"வாயத் தொறந்தீங்கன்னா எங்கம்மா நாண்டுக்கிட்டுச் செத்துடும்" என்று லோகநாயகி அழுதாள். தில்லையம்மாள் அழவில்லை. "ஒங்க ரெண்டு பொண்ணுக்கும் நாளைக்கு முன்னால வந்து நிக்கறதுக்குத் தாய்மாமன்னு இவன் ஒருத்தன்தான். நான் ஒண்ணும் கேக்கல மாப்ள. பதினாலு வருஷம் இந்த வீட்டுச் சோறு சாப்புட்டிருக்கீங்க, அவ்ளோதான்" என்றார்.

இரண்டே நாளில் தேவசகாயத்தைப் பிடித்துவிட்டார்கள். கப்பலில் போய் வாங்கினால்தான் உண்டு என்று கத்தி சிற்றம்பலமே சொல்லியிருக்கிறார். கப்பல்காரர்களிடம் சாமான் வாங்குகிற ஆள் தேவசகாயம். மூட்டை நனைந்ததற்காகக் குப்பனோடு அந்த வாரம்தான் சண்டை போட்டிருந்தார். இன்னும் என்ன வேண்டும்? அவர் 'என் கத்தி இல்லை' என்று மட்டும் சொன்னாராம். யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லவில்லையாம்.

தேவசகாயத்தின் மனைவி ஆரோக்கியம்மாள் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "கத்தியப் பத்தி நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்டுருவாங்களாமே, ஐயா." சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், மறுபடியும் துடைப்பார். 'தேவசகாயம் கையைப் பாருங்கள், ஒரு கீறல் உண்டா?' இந்த ஒரு வரி போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, கீறல் உள்ள கை யாருடையது என்பதுதான். மாலை பாசஞ்சரில் போகிறபோது சொல்லிவிடுவது என்று முடிவு செய்வார். ஆலப்பாக்கம் தாண்டும்போது முடிவு ஆட்டம் காணும். சிதம்பரத்தில் இறங்கும்போது அது இருக்காது. வீட்டில் மச்சானுக்குக் கை ஆறவில்லை என்று மாமியார் ஊட்டிவிட்டுக்கொண்டிருப்பார். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது அங்கும் இங்கும் ஓட இடம் உண்டு. இவருக்கு ரயில் பெட்டியில் ஒரு ஜன்னலோரம்தான்.

தேவசகாயத்தைப் பிடித்த இருபத்து மூன்றாம் நாள் கோர்ட்டில் சிற்றம்பலத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்ப்பக்கம் தேவசகாயம், தாடியோடு. இவரைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கத்தியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள்.

சிற்றம்பலம் எடுத்துத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு அவசரத்துல அசல்னு சொல்லிட்டேங்க. இது போலி."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"அசல்ல இந்த மணிக்கு நாக்கு இருக்கும். இதுல இல்ல. திருவிழாக் கடையில யாரு வேணா வாங்கியிருக்கலாம்."

பன்னிரண்டு வருஷம் சேர்த்த அறிவை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டார். மச்சானும் தப்பித்தான், சிநேகிதனும் தப்பித்தான், யாருக்கும் பாதகமில்லை என்று கணக்குப் போட்டிருந்தார் பாவம். நாக்கு என்று அவர் சொன்னபோது தேவசகாயம் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு விசாரணை முடிகிற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாட்சி போதவில்லை என்று அவரை விட்டுவிட்டார்கள். கத்தி கோர்ட்டோடு போயிற்று.

சிதம்பரத்தில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். சிற்றம்பலத்துக்கு இரண்டு தடவை ஊற்றினார் தில்லையம்மாள். ஒரு வாரம் கழித்து கொளஞ்சியப்பன், கட்டெல்லாம் அவிழ்ந்த கையால் டப்பாவைத் தட்டி, "ஏன் மாமா, மிச்சம் முப்பதும் டூப்ளிகேட்தானா?" என்று கேட்டுச் சிரித்தான். சந்திலும் அந்தப் பேச்சுப் பரவியது. துறைமுகத்தில் கத்தியைக் காட்டி இவரிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். 'இல்லை, அசல்தான்' என்று ஒரு தடவைகூட அவரால் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

தேவசகாயத்தைப் பழைய படகில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பரங்கிப்பேட்டைப் பக்கம் போவதாகக் கேள்விப்பட்டார் சிற்றம்பலம். போவதற்கு முந்தின நாள் மாலை படகுத்துறைக்குத் தேவசகாயமே வந்தார். வழக்கமாக உட்கார்கிற பலகை காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை.

"இன்னா தேவசகாயம், நல்லாருக்கியா?" என்றார் சிற்றம்பலம். வேறு என்ன கேட்பது?

"லாக்கப்புல ஒக்காந்து யோசிச்சேன். மடங்குற கத்தியாச்சே, குத்துனவன் கை அறுந்திருக்குமேன்னு. நீதான் எனக்குச் சொல்லிக்குடுத்த." தேவசகாயம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கயிறு இழுத்துக் காய்த்த கைகள். வெட்டு ஒன்றும் இல்லை. "எனக்கே தோணுச்சே, ஒனக்குத் தோணாமலா இருந்திருக்கும்? நீயா வந்து சொல்லுவேன்னுதான் வாயத் தொறக்கல. இருவத்திமூணு நாளு."

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

தேவசகாயம் இடுப்பு மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்தார். மஞ்சள் கைப்பிடி, நீலக் கொக்கு. "நேத்து கரைக்கு வந்த கப்பல்காரன் ஒருத்தன்கிட்டக் கெடச்சுது. ஒன்னுது போயிடுச்சே."

சிற்றம்பலம் பழக்கத்தில் பலகையைப் பார்த்தார், வைப்பார் என்று. தேவசகாயம் வைக்கவில்லை. சிற்றம்பலத்தின் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கத்தியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுச் சிற்றம்பலம் கத்தியைப் பாதி திறந்தார். மணிக்கு நாக்கில்லை. அசல்தான். ஸ்டேஷனில் பாசஞ்சர் கூவியது. கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சிதம்பரத்துக்கு ரயில் ஏறப் போனார்.