பொன்னுச்சாமியைத் தூக்க ஓர் ஆள்

பொன்னுச்சாமியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அக்குளுக்குள் கையைக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். அப்படியே லைன் வீட்டின் ஏழு வாசல்களைக் கடந்து, கோடியில் இருக்கும் பொதுக் கழிவறைக்குக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததில் பேச்சும் குழறிவிட்டது. ஆளின் கனம் மட்டும் குறையவில்லை. யாரோ புண்ணியவான் கொடுத்த சக்கர நாற்காலி அந்தச் சந்துக்குள் திரும்பாது. மனைவி ராக்கம்மாள் அதன் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள்ளேயே பாத்திரம் வைத்துவிடலாம் என்றால் அவர் கேட்பதாயில்லை. வீடு என்பதே ஒரே அறைதான். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நாலடி தூரம். "சோறு பொங்குற எடத்துலயா?" என்று குழறலாகக் கேட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் லோடு வேலை பார்த்தவர். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து திருப்பூருக்கு வந்து, நிட்டிங் கம்பெனியில் இறங்கும் துணி ரோல்களைத் தோளில் தூக்கி, சாயப்பட்டறை லாரியில் ஏற்றி, மறுபடி இறக்கி, அந்தத் தோளாலேயே மகனை ஊரில் படிக்கவைத்தார். மகன் மாரிச்செல்வம் பி.காம். அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் போடுவதும், சாம்பிள் எங்கே நிற்கிறது என்று செக்ஷன் செக்ஷனாக ஓடிக் கேட்பதும் வேலை. வயது இருபத்தாறு. எடை ஐம்பத்தொன்று.

தலைமாட்டுப் பக்கம் தூக்குவது அடுத்த வீட்டு முனீஸ். பேக்கிங் செக்ஷன்காரன், இவர்கள் ஊர்ப்பக்கத்து ஆள். நல்லவன்தான், ஆனால் வாய் சும்மா இராது.

"ஏ மாரி, காலத்தான பிடிச்சிருக்க? அதுக்கே இப்படி மூச்சு வாங்குத? மூணு வருசம் காலேசுல என்னத்தத் தின்னு வளந்த?"

"நீ நடண்ணே, படி வருது."

"டிகிரிய மடிச்சு அண்டக் குடுத்துத் தூக்குடே, கனம் தெரியாது."

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு வரும் பொன்னுச்சாமி, கேட்காதவர் மாதிரி ஓட்டுச் சாய்ப்பையே பார்த்துக்கொண்டு வருவார்.

முனீஸ் காலை எட்டு மணிக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பதுக்குத்தான் வருவான். இடையில் அவசரம் என்றால் அடக்கித்தான் ஆகவேண்டும். அதற்காகப் பொன்னுச்சாமி சாப்பாட்டோடு குடிக்கிற தண்ணீரை நிறுத்தினார். பிறகு பகல் முழுக்க நிறுத்தினார். உதடு வெடித்துக் கிடந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனீஸ் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தான். பொன்னுச்சாமிக்கு வயிறு கலக்கிவிட்டது. அம்மாவால் முடியாது என்று மாரிச்செல்வம் தனியாகத் தூக்கினான். அதாவது, தூக்கப் பார்த்தான். வாசப்படி வரைக்கும் வந்து, கால் மடங்கி, இரண்டு பேருமாக விழுந்தார்கள். நிலைக்கதவில் அப்பாவின் நெற்றி இடித்துப் புடைத்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். மகன் மனசு நோகக்கூடாது என்று கோணிய வாயால் சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலமே ஜிம்முக்குப் போனான். ஓடாமல் நின்றுபோன பழைய நிட்டிங் ஷெட் ஒன்றில் முருகவேல் மாஸ்டர் நடத்திக்கொண்டிருந்தார். காங்கயத்துக் காளை மாதிரிக் கழுத்து, பேச்சு மட்டும் பூ மாதிரி.

"ஏனுங்க தம்பி, நெஞ்சு ஏத்தோணுமா, வயிறு எறக்கோணுமா?"

"எங்கப்பாவத் தூக்கணும் மாஸ்டர்."

மாஸ்டர் கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "என்ன எடைங்க இருப்பாரு?"

"எழுவத்தெட்டு."

"அட கெரகமே. காத்தால என்ன சாப்புட்டீங்க?"

"டீ, ரெண்டு பன்னு."

"மத்தியானம்?"

"சோறு. ரசம்."

"சாய்ங்காலம் கம்பெனி டீயும் போண்டாவுமுங்க, ராத்திரிக்கு புரோட்டாவுமுங்க. நாஞ் சொல்லட்டுங்களா? உங்க ஒடம்புல இருக்கறது பூராம் மைதாவும் எண்ணெயும்தானுங்க. இதுல எங்கிருந்து தூக்கறது? மொதல்ல வாயக் கட்டோணும். அப்பறம்தான் முதுகக் கட்டறது."

அன்றிலிருந்து வாயைக் கட்டினான். காலையில் நான்கு அவித்த முட்டை, மதியம் அரைச் சோறும் ஒரு கிண்ணம் தட்டப்பயறும், சாயங்காலம் நிலக்கடலை, இரவில் கம்பங்கூழும் கோழியும். பதினொரு மணி டீக்கு கம்பெனியே எழுந்து போகும்போது இவன் மட்டும் சீட்டில் உட்கார்ந்து முளைகட்டிய பயறை மென்றுகொண்டிருப்பான். "வாங்க மிஸ்டர் திருப்பூர், மாட்டுக்குத் தீவனம் வெச்சாச்சுங்களா?" என்று கேட்காத ஆள் ஆபீஸில் இல்லை. கட்டிங் மாஸ்டர் ஒரு நாள் இஞ்ச் டேப்பைக் கொண்டுவந்து புஜத்தைச் சுற்றி அளந்து, "ஸ்மால் சைஸ்தானப்பா, எக்ஸ்எல் ஆகலை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டான். எதற்காக என்று யாரிடமும் சொல்லவில்லை.

முதல் மாதம் வெறும் கம்பிதான். குனிந்து, முதுகை நேராக வைத்து, குதிகாலை ஊன்றி எழ வேண்டும். இரண்டாம் மாதம் கம்பியில் தட்டு ஏறியது. நான்காம் மாதம் மாஸ்டர் கம்பியை ஓரமாக வைக்கச் சொன்னார்.

"இரும்பு சொன்ன பேச்சு கேக்குமுங்க தம்பி. மனுசன் கேக்க மாட்டான். அங்கங்க தொங்குவான்."

கட்டிங் வேஸ்ட் திணித்த பனியன் மூட்டை ஒன்றைப் போட்டார். அப்படியும் இப்படியும் சரிந்து, பிடி கொடுக்காமல் வழுகும் மூட்டை. முதலில் நாற்பது கிலோ. பிறகு உள்ளே மணல் சேர்த்து ஐம்பது, அறுபது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஷெட்டை ஒரு சுற்று வந்தால், முன்கை சிராய்ந்து சிவந்துவிடும். வீட்டில் ராக்கம்மாள் தேங்காயெண்ணெய் தடவுவாள். கட்டிலில் இருந்து பொன்னுச்சாமி அந்தச் சிராய்ப்பையே பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

கார்த்திகை கடைசியில் எழுபத்தைந்து கிலோ மூட்டை ஷெட்டைச் சுற்றி வந்தது. மாரிச்செல்வம் எடையும் ஐம்பத்தெட்டு. மாஸ்டர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "போங்க. இந்த ஞாயித்துக்கிழம அப்பாவத் தூக்குங்க."

அந்த வாரம்தான் பொன்னுச்சாமியின் வலதுகைக் கட்டைவிரல் அசைந்தது.

அவ்வளவுதான். ஒரே ஒரு விரல். ராக்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது பழனி முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். கை கால் அசைந்தால், மகன் ஒரு மண்டலம் மாலை போட்டு, தைப்பூசத்துக்கு நடந்தே வருவான் என்று. அசைந்துவிட்டது. இனிச் சாமியைக் காக்கவைக்க முடியுமா?

"எய்யா, மாலை போட்டுருய்யா."

"அடுத்த தைப்பூசத்துக்குப் போடுதேம்மா. இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கு. முட்டை, கறி எதுவும் ஆகாதுல்ல?"

"முருகங்கிட்ட முட்டைக் கணக்காய்யா பேசுவ?"

ராத்திரி லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டான். நாற்பத்தெட்டு வரிசை. முட்டை போன இடத்தில் பன்னீர், கோழி போன இடத்தில் கொள்ளு, சோயா, பாசிப்பயறு. எந்த நாளில் எத்தனை கிராம் புரதம் என்று கூட்டிப் பார்த்தான், சரியாக வந்தது. மூட்டை தூக்க விரதத்தில் தடையில்லை. மாலை போட்டுக்கொண்டே அப்பாவையும் தூக்கலாம். படித்த பிள்ளை, கணக்கில் தப்பு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மார்கழிக் குளிரில் தலைக்குக் குளித்து, பச்சை வேட்டி கட்டி, குருசாமி கையால் துளசி மணி மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். விபூதி ஈரம் காயவில்லை. நேராகக் கட்டிலண்டை போய், குதிகாலை ஊன்றி, அப்பாவின் முதுகுக்கடியில் கையை நுழைத்தான்.

பொன்னுச்சாமியின் இடது கை அவன் நெஞ்சில் வந்து நின்றது. தள்ளியது.

"வேணாம்... சாமி."

"எப்பா, நாந்தாம்ப்பா."

"சாமி... தள்ளி நில்லுங்க. எம் பீ மூத்திரத்த... மாலை போட்ட சாமி... தொடப்புடாது."

பெற்ற அப்பன், மகனை 'நில்லுங்க' என்கிறார். ராக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆமாய்யா, அதுவும் ஒரு ஞாயந்தான், எனக்குத் தோணவேயில்ல" என்றாள். முனீஸ் வந்தான். தூக்கும் முன் இவனைக் கையெடுத்துக் கும்பிட்டான். அன்று ஒரு கேலியும் இல்லை. தலைமாட்டில் முனீஸ், கால்மாட்டில் ராக்கம்மாள். ஐம்பது வயதுப் பெண், முழங்கால் தேய்ந்தவள், தாங்கித் தாங்கி நடந்தாள். எழுபத்தைந்து கிலோ தூக்குகிறவன் மாலையும் கழுத்துமாகச் சந்தில் ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

குருசாமியிடம் ஓடினான். அவர் சாயப்பட்டறையில் மிக்சிங் மாஸ்டர். பதினெட்டு முறை பழனி நடந்தவர். "அப்பனுக்குச் செய்யறதுல என்னுங்க சாமி தோசம்? முருகனே செய்யச் சொல்லுவான்" என்றார். போனில் அப்பாவிடமும் அதையே சொல்லச் சொன்னான். பொன்னுச்சாமி காதில் வைத்துக் கேட்டார், தலையாட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "முனீசக் கூப்புடு" என்றார்.

அவர் சாப்பாட்டைக் குறைத்தது அதற்குப் பிறகுதான். ராக்கம்மாளின் முழங்கால் வீங்கியதைப் பார்த்துவிட்டார். இரண்டு இட்லி ஒன்றாயிற்று, இரவுச் சாப்பாடு அரை டம்ளர் பால் ஆயிற்று. சாப்பிட்டால்தானே போகவேண்டும். "பசிக்கலை" என்பார். மகன் அட்டவணைப்படி கொள்ளும் பயறும் தின்றுகொண்டிருக்க, எதிரே அப்பாவின் கன்னம் ஒடுங்கியது. ஊட்டிவிடப் போனால் சாமி கையால் வாங்க மாட்டார். திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். மாலையைக் கழற்றி எறிந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் கத்தினான். ராக்கம்மாள் ஓடிவந்து காலில் விழுந்தாள். மாலை போட்டவன் காலில் விழுவது வழக்கம்தான், ஆனால் அன்று அவள் விழுந்தது வழக்கத்துக்காக இல்லை.

ஜிம்முக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். வேறு எங்கே போவது? மூட்டையைத் தூக்கினான், இறக்கினான்.

"போதுமுங்க சாமி, முதுகு கெட்டுப்போகும்" என்று மாஸ்டர் தடுத்தார்.

"தூக்க விட மாட்டேங்குறாரு மாஸ்டர்."

மாஸ்டருக்கு எல்லா வலிக்கும் ஒரு பயிற்சி தெரியும். இதற்குத் தெரியவில்லை. "போச்சாதுங்க... விட்டுத்தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே தட்டுகளை அடுக்கப் போனார்.

தை பிறந்து, கூட்டத்தோடு நடந்தான். பாதம் கொப்பளித்தது. மடத்துக்குளம் தாண்டும்போது வழிநெடுக அன்னதானப் பந்தல். சர்க்கரைப் பொங்கலை நெய் வழிய வழிய இலையில் வைத்து, "சாப்புடுங்க சாமி, இன்னொரு கரண்டி" என்று கை கூப்பினார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. எட்டு மாதம் கட்டிய வாயால் எல்லாவற்றையும் தின்றான். தின்றுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டான். "நேத்துலருந்து தண்ணி மட்டுந்தான்யா எறங்குது" என்றாள் அம்மா. மலையேறி, முடி இறக்கி, மாலையைக் கழற்றினான். கும்பிடும்போது என்ன கேட்பது என்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. ராக்கம்மாள் குழாயடியில் இருந்தாள். மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி, "எப்பா, மாலையக் கழத்தியாச்சு. இப்ப நா மாரிதான்" என்றான்.

பொன்னுச்சாமியின் முகம் வியர்த்திருந்தது. வெகுநேரமாக அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"வாங்கப்பா, போவோம்."

"முனீசு..."

"முனீசண்ணனுக்கு இன்னிக்கு ஷிப்மெண்ட். ராத்திரிதான் வருவாக. மாலைதான் இல்லையேப்பா? இன்னும் என்ன?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் கோணிக் கோணிச் சொற்களைத் தேடியது.

"நா அம்புட்டு ரோலுச் சுமந்தது... நீ செமக்கக் கூடாதுன்னுதான்யா. போயும் போயும்... என்னையவா?"

மாலை போடுவதற்கு முன்பும் இதுதான் இருந்திருக்கிறது. சந்தில் தொங்கிக்கொண்டு போகும்போது ஓட்டுச் சாய்ப்பைப் பார்த்துக்கொண்டே போனதும், சிராய்ப்பைப் பார்த்துப் பேசாமல் கிடந்ததும் இதற்குத்தான். மாலை அவருக்கு ஒரு சாக்கு. பி.காமில் இதற்குப் பாடம் இல்லை. முருகவேல் மாஸ்டர் ஷெட்டிலும் இல்லை. மாரிச்செல்வம் கட்டில் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

நின்ற அந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேட்டி நனைந்து, பாயில் பரவி, கட்டில் கயிற்றின் வழியாகச் சொட்டியது. பொன்னுச்சாமி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனிக் கழிவறைக்கு எதற்கு? பாயை மாற்ற வேண்டும், அதற்காவது தூக்கத்தான் வேண்டும். மாரிச்செல்வம் கேட்கவில்லை. குனிந்தான். முதுகை நேராக்கி, மூச்சைப் பிடித்து, எழுபத்தெட்டு கிலோவுக்கு என்ன இழுப்பு வேண்டுமோ அந்த இழுப்பு இழுத்தான். அப்பா விசுக்கென்று மேலே வந்துவிட்டார். அவன் நிலைதடுமாறி இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தான்.

கையில் எலும்பும் ஈர வேட்டியும்தான் இருந்தது. இவ்வளவு லேசான மனிதரை யார் வேண்டுமானாலும் தூக்கலாம்.

குடத்தோடு வாசலில் நின்ற ராக்கம்மாளிடம், "அம்மா, பாய எடு" என்றான். அவள் அசையவில்லை. அப்பாவைக் கீழே விடாமல், காலாலேயே பாயை இழுக்க ஆரம்பித்தான்.