வீட்டுக்கூடை

அவள் கணவருக்கு மண்டியில் 'கல்லுக்காரர்' என்று பெயர். ஒரு பொட்டலம் கார்பைட் கல்லைப் பெட்டிக்குள் வைத்தால் எப்பேர்ப்பட்ட மாங்காயும் விடிவதற்குள் மஞ்சளாகிவிடும். அதில் மனுஷர் கைதேர்ந்தவர். கடைசியில் அந்தக் கைதான் புண்ணானது. இருமலும் வந்து ஒட்டிக்கொண்டது. "போதும்ங்க, இனி கல்லே வேண்டாம்" என்று அவள்தான் முடிவு கட்டினாள்.

இந்த முறை வைக்கோல். பெட்டிக்குப் பெட்டி நடுவில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று. அதன் மூச்சுப் பட்டே மாங்காய் பழுத்துவிடும். பொறுமை மட்டும் வேண்டும். அந்தச் சரக்குதான் அவர்களிடம் இருப்பு இல்லை.

வாடிக்கையாகப் பழம் எடுக்கும் ஜூஸ் கடைக்காரர் வருகிற அன்று காலையில் பெட்டியைத் திறந்தாள். பச்சைப் பசேல் என்றிருந்தது.

"வாழைப்பழத்தை எங்கேங்க காணோம்?"

"கறுத்துப்போச்சுன்னு முந்தாநாளே எடுத்துப் போட்டுட்டேன். ஒண்ணு அழுகினா பெட்டியே போயிடும்ல?"

கல்லோடு பழகிய புத்தி, விடுமா? திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். இந்த ஒரு வாடிக்கையும் கைவிட்டால் மறுபடி பரண்மேல் இருக்கிற கல்லுப் பொட்டலம்தான்.

ஜூஸ் கடைக்காரர் வந்து ஒரு காயை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எறிஞ்சா மண்டை உடையும் போலிருக்கே!"

"ரெண்டு நாள் பொறுத்துக்கோங்கண்ணே. இந்தத் தடவை கல்லு வைக்கல."

"அதுவரைக்கும் கடையில ஈ ஓட்டச் சொல்றியா?" என்று அவர் கிளம்பினார்.

அவள் பதறிப்போய் உள்ளே ஓடி, வீட்டுக்கென்று முன்பே வைத்திருந்த கூடையைத் தூக்கிவந்தாள். "இதுவும் வைக்கோல்ல பழுத்ததுதான். மோந்து பாருங்கண்ணே."

அவர் மோந்தார், கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. "அடடா! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பழம் நீங்க தந்ததே இல்லையே. எப்போ கத்துக்கிட்டீங்க?"

"இதுல கத்துக்க என்னண்ணே இருக்கு? எங்க பிள்ளைங்களுக்கு எப்பவும் இப்படித்தானே..."

வாய் தவறி வந்துவிட்டது. ஜூஸ் கடைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என் பேத்திக்குத் தினமும் நான்தான் ஜூஸ் போட்டுக் கொடுக்கிறேன்" என்றார். "உங்க பெட்டிப் பழத்துல."

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. கணவர் தன் புண்பட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் கழிச்சு வரேன்" என்ற ஜூஸ் கடைக்காரர், குனிந்து கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். "அது எங்க வீட்டுக்கு வெச்சதுண்ணே" என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.