கன்றின் கழுத்து

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்கோடிக் கோவிலை ஒட்டி ஒரு பசுவும் கன்றும் கட்டியிருக்கும். காலையில் காய் நறுக்கியதும் வாழைக்காய்த் தோலைக் கன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். இந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து அதன் முகத்தை மட்டும்தான் பார்க்கிறேன். கழுத்தைப் பார்க்க முடியவில்லை.

என் கணவர் அரிசிக் கிடங்கில் முப்பது வருஷம் தூசியில் நின்றவர். இரண்டு வருஷமாக ஆடியில் கொட்டும் கர்க்கடக மழையில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். மூன்றாவது தடவை தாங்காது என்று அவரே முடிவு செய்துவிட்டார். இந்த வருஷம் மழைக்கு முன்னால், வளைகுடாவில் இருக்கும் அவர் தம்பி ஒரு டப்பா கேப்சூல் அனுப்பினார். பெப்டைடு பயோரெகுலேட்டராம். எதிர்ப்புச் சக்தி கூடும், முதுமை தள்ளிப்போகும் என்று போனில் அரைமணி நேரம் சொன்னார்.

முட்டைக் கேக் விற்கும் கடையில் என் கணவர் சாயாகூடக் குடிக்க மாட்டார். முதல் நாள் குளித்து விபூதி பூசிக்கொண்டு, உள்ளங்கையில் இரண்டு கேப்சூலோடு என்னிடம் வந்தார்.

"ஏண்டி, நீ பத்தாம் கிளாஸ் படிச்சவளாச்சே. இதுல மாம்சம் ஒண்ணும் சேரலையே?"

டப்பாவில் எல்லாம் பொடி இங்கிலீஷ் எழுத்து. எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"இல்லைன்னா."

மனசு கேட்கவில்லை. மத்தியானம் அந்த எழுத்துகளைத் துண்டுக் காகிதத்தில் பார்த்து எழுதி மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றேன். கடைக்காரப் பெண் படித்தாள்.

"சேச்சீ, இது பசுக்குட்டியோட நெஞ்சுல, கழுத்துக்குக் கீழே இருக்கற ஒரு கிரந்தி, சுரப்பி. அதுலேருந்து எடுக்கறது. யாருக்கு, சேச்சிக்கா? குமரியாகப் போறீங்களா?" என்று சிரித்தாள். "டாக்டர்கிட்ட கேக்காம ஒண்ணும் தின்ன வேண்டாம், கேட்டோ."

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றேன். அது இரண்டாவது பொய்.

மறுநாள் சொல்லிவிடத்தான் இருந்தேன். அவர் ஈரத் துண்டோடு வந்து, "ராத்திரி இருமலே இல்லை, கவனிச்சியோ?" என்றார். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம். "மாம்சம் இல்லையே?" என்று மறுபடி கேட்டார்.

"இல்லைன்னா."

அதன்பிறகு தினமும் கேட்டார். தினமும் அதையே சொன்னேன். அவர் விழுங்கும்போது தொண்டைக்குழி மேலே போய்க் கீழே இறங்கும். எனக்கு அங்கே கன்றின் கழுத்துத் தெரியும். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும்போது கன்று கத்தினால் கை நின்றுவிடும். அது அம்மாவைக் கூப்பிடுகிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

மழை வந்தது. தெருவில் தண்ணீர் ஏறி இறங்கியது. அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. கேப்சூலாலா, நான் வைத்த கஞ்சியாலா, அவர் தினம் நடந்ததாலா, எனக்குத் தெரியாது. அவருக்குச் சந்தேகமே இல்லை. கோவிலில் எல்லோரிடமும் சொன்னார். "இப்படியே போனா மாமாவுக்கு இன்னொரு பெண் பாக்கணும்" என்று ஒருவர் சீண்டியபோது, தூணுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது சொல்லியிருந்தால், அவர் மருந்தை விடுவதோடு நின்றிருக்க மாட்டார். நான் போடும் சோற்றையும் சந்தேகப்பட்டிருப்பார்.

போன வாரம் இரண்டாவது டப்பா வந்தது. அவர் அதைப் பிரித்து என் கையைப் பிடித்து, இரண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயும் சாப்பிடு."

"நேக்கு எதுக்குன்னா?"

"நோக்கும் அம்பது தாண்டியாச்சு. நான் மட்டும் நூறு வயசு இருந்து என்ன பண்ண? யாரோட சண்டை போட?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. வாயைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கொட்டாமல். கேப்சூலை வாயில் போட்டுக்கொண்டேன். பாதியில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி குடிடி, தண்ணி குடி" என்று முதுகைத் தடவினார்.

பிறந்ததிலிருந்து நான் தொடாத ஒன்று உள்ளே இறங்கியது. அவர் தன் பங்கை விழுங்கினார். அன்று மாம்சம் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டதால் நம்பிவிட்டாரா, முன்பே தெரிந்துதான் என் கையில் வைத்தாரா என்று என்னால் கேட்க முடியாது.

இப்போது வாழைக்காய்த் தோலை அவரே கொண்டுபோகிறார். ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். கன்று தின்று முடிக்கும்வரை நின்று, அதன் கழுத்துக்குக் கீழே மெதுவாகச் சொறிந்துகொடுக்கிறார்.