பாட்டில் தண்ணீரில் ஒரு நீர்மாலை

இங்கே கோடையில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் அப்படிக் காய்கிறது. வாளியில் பிடித்து ஏசி அறையில் ஆறவைத்துத்தான் குளிக்க வேண்டும். கடையத்தில் பிறந்து குற்றாலத்துச் சாரலில் நனைந்து வளர்ந்த எனக்கு, வளைகுடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது மட்டும் பழகவில்லை. எந்தத் தண்ணீரைக் கண்டாலும் கை முதலில் நீண்டு சூடு பார்க்கிறது.

போன கோடையில் தொழிலாளர் விடுதி ஒன்று தீப்பிடித்ததில் ஊரில் எங்கள் தெருக்காரனான மாடசாமி இறந்துபோனான். மாடிப்படிக் கதவை வெளியே பூட்டியிருந்தார்களாம். யார் பூட்டியது என்று கேட்டால் கம்பெனியில் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். எனக்கு அதைவிட ஆத்திரம் ஊர்மேல்தான். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், பங்காளிகள் தலைக்குமேல் வேட்டியை விரித்துப் பிடித்தபடி தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்டுவார்கள். நீர்மாலை என்போம். மாடசாமிக்கு அது வேண்டாம் என்று, போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற அவன் பெரியப்பா முடிவு செய்துவிட்டார். அவலச் சாவாம். பெட்டியைத் திறக்காமல் நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். ஒவ்வொரு லீவிலும் சென்ட்டுக்கும் போர்வைக்குமாக, அவன் பெட்டியை எப்போது திறப்பான் என்று காத்துக் கிடந்த மனிதர் இவர்.

மாடசாமியின் மனைவி செல்வி எனக்குப் போன் செய்தாள். “அண்ணாச்சி, நீங்க அங்கனதான இருக்கிய. பொட்டில வைக்க முன்ன ஒரு செம்பு தண்ணி ஊத்திருங்க. வெந்துபோன ஒடம்பு.”

பிணவறைக்கு ஒரு வேட்டியோடு போனேன். அங்கே காவலுக்கு இருந்தவர் ஏமன் நாட்டுப் பெரியவர். தண்ணீர் கேட்டதும் எனக்குத் தாகம் என்று நினைத்து, ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை நீட்டினார். நான் துணி மூடிய உடலைக் காட்டினேன். புரிந்துகொண்டு குழாயடிக்குப் போனவர், விரலை வைத்துப் பார்த்துவிட்டு “ஹார்” என்று தலையசைத்தார். சுடுகிறதாம். தான் குடிக்க வைத்திருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்துவந்தார். ஒன்றை என் கன்னத்தில் வைத்து “பாரித்” என்றார். குளிர்ச்சி. நெருப்பில் போனவன்மேல் சுடுதண்ணீர் படக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேட்டியின் இரண்டு முனைகளை அவர் பிடித்தார், இரண்டை நான் பிடித்தேன். பாட்டில்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதன்கீழ் நடந்தோம். நான் ஊற்ற ஊற்ற அவர் தன் சாமியிடம் ஏதோ முணுமுணுத்தார். சாமி விஷயத்தில் வெகுநாளாகச் சந்தேகப்பட்டுக் கிடந்தவன் நான். அன்று அந்த அறையில் சாமி இருந்ததாக நம்புகிறேன்.

விவரம் சொன்னபோது பெரியப்பா கொதித்தார். “வேத்து ஆளு சேந்து எடுத்தா அது நீர்மாலையாலே?”

“எடுக்க வேண்டியவிய எடுக்கலியே” என்றேன். போனை வைத்துவிட்டார்.

செல்வி மட்டும், அந்தப் பெரியவர் நல்லா இருக்கணும் என்றாள்.

இந்த வருடம் சீசனுக்கு ஊருக்குப் போனேன். ஐந்தருவியில் தலையைக் கொடுக்கும் முன் என் கை தானாக நீண்டு தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. பின்னால் நின்றவர், “என்ன அண்ணாச்சி, அருவி சுடுதோ?” என்று கேட்டுச் சிரித்தார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பாரித்” என்று வந்தது.