முதுகில் பட்டால் அவுட்

என் கணவருக்கு விளையாடச் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள் என்றபோது லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒருவரும் நம்பவில்லை. நானே நம்பவில்லை. பார்க்கில் பேஸ்போல் ஆடியவர்களின் பந்து வெளியே வந்ததாம், இவர் எடுத்து எறிந்தாராம், அந்தக் கை பயிற்சியாளருக்குப் பிடித்துவிட்டதாம். இரண்டு ஆட்டம் பார்ப்போம், சரிவந்தால் சீசன் முழுக்கச் சம்பளம் என்றிருக்கிறார். உடனே மனிதர் மளிகைக் கடை ஷிப்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்!

முதல் ஆட்டம். பந்து இவர் கைக்கு வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். அவன் போய்ச் சேரவேண்டிய பேஸில் நிற்கிற ஆளிடம் எறிந்தால் போதும். இவர் எறிந்தார், ஓடியவனின் முதுகுக்கு. எறிந்துவிட்டு, "அவுட்!" என்று இரண்டு கையையும் தூக்கித் தனியாகத் துள்ளினார். எங்கள் ஊர் எல்லே விளையாட்டில் அது சரி. அங்கே டென்னிஸ் பந்து, ஓடுகிறவரில் பட்டால் அவர் அவுட். இது கல்லு மாதிரிப் பந்து. அவன் புல்லில் குப்புறக் கிடந்தான். எனக்கு மானம் போய்விட்டது.

"இஞ்சருங்கோ, விதியைக் கேட்டுட்டெல்லோ இறங்கியிருக்கவேணும்?" என்றேன்.

"கேட்டனான். கை கேக்கேல்லை."

பயிற்சியாளர் நல்ல மனிதர், அடுத்த ஆட்டத்திலும் இறக்குவதாகச் சொன்னார். அதனால் அந்தக் கிழமை முழுக்க, வேலை முடிந்து வந்து பார்க்கில் ஓடினது யார்? நான்தான். குளிர் ஜக்கெட்டோடு நான் ஓட, பேஸ் என்று வைத்த மரத்தடிக்கு இவர் பந்தை எறியவேண்டும். நன்றாகத்தான் எறிந்தார். கடைசி நாள் மட்டும் பழைய புத்தி வந்து, என் முதுகில் ஒன்று விழுந்தது. ஐயோ, உயிரே போய்விட்டது! அன்றிரவு கன்றின இடத்தில் அவரே இரண்டு தரம் எண்ணெய் பூசிவிட்டார்.

இரண்டாம் ஆட்டத்தில் அதே மாதிரிப் பந்து வந்தது. ஒருவன் ஓடினான். இவர் கையை ஓங்கினார்.

"பேஸுக்கு! பேஸுக்கு எறியுங்கோ!" நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஓடியவன் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தான். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் இவருக்குக் கைகொடுத்து, இனி வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

"ஏன் எறியேல்லை? சொல்லுங்கோ, ஏன்?" பஸ் தரிப்பில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓடினவன்ர முதுகு உம்மட முதுகு மாதிரிக் கிடந்தது" என்றார்.

இந்த மனிதரை நான் என்ன செய்ய? பஸ்ஸில் ஏறி இருந்ததும், பழைய ஷிப்ட் இன்னும் இருக்கிறதா என்று கடைக்கு நானே போன் பண்ணினேன்.