அடுப்புப் பரணில் வைத்த அட்டை மலை

இதை எழுத எனக்கு ஐந்தாறு வருஷம் ஆயிற்று. நோட்டை எடுத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்காருவேன். முதல் வரி எழுதுவேன். பிறகு மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவேன். எழுதினால் நான் செய்த தப்பு ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், சாமி பேரில் ஊரார் நம்பிக்கையோடு சொல்லுகிற ஒரு கதையை நானே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடுமே என்பது. எட்டாவது வரை படித்தவன். தினமும் விளக்கு வைத்துத் திருநீறு பூசாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவன். ஆனாலும் பொய்க்குத் துணை நின்றுகொண்டு திருநீறு பூசுவது நெற்றியில் உறுத்துகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். வளப்பூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகு, மரவள்ளி, நாலு பலாமரம். ஒரே மகள். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடம் வரைகிற படிப்புப் படித்தாள். கடைசி வருஷம் அவரவர் ஒரு கட்டடத்தைத் தாங்களே யோசித்து வரைந்து, அதை அட்டையில் சின்னதாகச் செய்து காட்ட வேண்டும். அதை மாடல் என்பார்கள். வெளியூர் ஆசிரியர்களும் வந்து பார்ப்பார்கள். மாடல் இல்லாமல் போய் நின்றால் அந்த வருஷம் போச்சு, மறுபடியும் ஒரு வருஷம் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவு. மழை நாளில் ஊரார் எல்லோரும் மிளகு காயவைக்க ஒரு கூரை போட்ட களம், அதை ஒட்டிக் கிடங்கு. நிலத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று பத்து நாள் லீவில் வீட்டுக்கே வந்து, நடு வீட்டில் பாயை விரித்து வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் மலையைச் செய்தாள். ஒரே உயரத்தில் இருக்கிற இடத்தையெல்லாம் ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டின்படி கனத்த வெள்ளை அட்டையை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கினாள். ஓர் அட்டை என்றால் நிலத்தில் ஒரு மீட்டர் உயரம். பதினாலு அட்டை. அடுக்கி முடித்தபோது எங்கள் சரிவு அப்படியே பாயில் உட்கார்ந்திருந்தது. நான் மண்வெட்டி போட்ட வரப்பு, மாடு வழுக்கிய இடம் எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"இதுல நான் நின்னா எவ்வளவு உசரம் இருப்பேன் கண்ணு?" என்று கேட்டேன்.

"ஒரு நெல்லுமணி உசரம்பா."

"அப்ப உங்கம்மா?"

"குட்டை நெல்லு," என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி, "குட்டை நெல்லுதாண்டி உனக்குச் சோறு போடுது," என்றாள்.

மலைக்கு நடுவில் அகலமான இடத்தில் களமும் கிடங்கும் வந்தன. சுவர் மெல்லிய அட்டை, தூண் மூங்கில் குச்சி, கூரை தெர்மகோல். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலையில் காட்ட வேண்டும். ஞாயிறு மத்தியான பஸ்ஸில் மலை இறங்குவதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலையில் அவளும் என் மனைவியும் மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போனார்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். மூன்று நாளாக விடாத சாரல். வாசல் வழியாக மூட்டம் உள்ளேயே வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடலின் ஓரத்து அட்டை மெதுவாக மேலே எழும்பியது. தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

எங்கள் பக்கத்தில் ஈரம் படக்கூடாத பொருள் எதுவாக இருந்தாலும் அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிடுவோம். விதைச் சாமை அங்கேதான், மிளகு அங்கேதான், என் நிலப் பட்டாகூட ஒரு டப்பாவில் அங்கேதான். நான் யோசிக்கவே இல்லை. அடியில் இருந்த பலகையோடு தூக்கிப் பரணில் வைத்தேன். ஒரு துளி திருநீறு எடுத்து ஓரத்தில் வைத்து, "அப்பனே, பார்த்துக்கோ," என்றேன். அடுப்பில் நன்றாக எரியட்டும் என்று இன்னும் இரண்டு கட்டை சேர்த்துச் செருகினேன். கட்டை ஈரம். புகைந்தது. புகை நல்லதுதானே, பூச்சி அண்டாது என்று நினைத்துக்கொண்டு மாட்டுக்குத் தழை அறுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். மாடல் கீழே இருந்தது. தெர்மகோல் கூரை சுருங்கிப் பொரிந்து போயிருந்தது. சுவர்கள் சாய்ந்து, வெள்ளை மலை முழுக்கப் பழுப்பாகி, நாலு மூலையும் வளைந்து கிடந்தது.

"ஏனுங்க, மிளகும் அதுவும் ஒண்ணா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி. "உங்களையும் அதே பரண்ல ஏத்தி வெச்சாத்தான் புத்தி வரும்."

மகள் சாய்ந்த சுவர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன். "கண்ணு, நான் கோயிலுக்குப் போயி பூ கேட்டுட்டு வாரேன். என்ன செய்யறதுன்னு சாமி சொல்லட்டும்," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமிகிட்ட அப்பறம் கேட்டுக்கலாம்பா. இப்ப வந்து அட்டை வெட்டற கட்டரப் புடிங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரமிருக்குது."

அப்போது அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

முதலில் கெட்டுப்போன கட்டடத்தைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது அதற்கு அடியில் இருந்த அட்டையும் தோல் உரிந்ததுபோல் கிழிந்து வந்தது. நடுவில் மூன்று அட்டை வீணாயின. ஈரத்தில் பசை இளகியிருந்ததால், கட்டரைச் செருகி மேலே இருந்த அட்டைகளை மொத்தமாகப் பிரித்து எடுத்தாள். வளைந்து போனவற்றைப் பலகைக்கு நடுவில் வைத்து, அம்மியைத் தூக்கி மேலே வைக்கச் சொன்னாள். அம்மியை நகர்த்த வேண்டியிருந்ததால் அன்றைக்குக் குழம்புக்கு அரைக்கவில்லை. கஞ்சிதான்.

மிச்சமிருந்த வெள்ளை அட்டையில் அந்த மூன்றையும் புதிதாக வெட்டுகிற வேலை எனக்கு. மரவள்ளி வெட்டுகிற கை, அழுத்தி அழுத்தி முதல் அட்டையைக் கெடுத்தேன்.

"அமுக்காதீங்கப்பா. சும்மா இழுங்க. ஒரே கோட்டுல நாலஞ்சு தடவ இழுத்தாத் தானா அறுந்துரும்."

கை நடுக்கம் நிற்பதற்காக ஒவ்வோர் இழுப்புக்கும் நமசிவாய சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, நீங்க அவசரமாச் சொல்றீங்க, கத்தியும் அவசரமா ஓடுது. நிறுத்திச் சொல்லுங்க," என்றாள். நிறுத்திச் சொன்னேன். கோடு நேராக வந்தது. இத்தனை வருஷம் நான் நமசிவாய சொன்னதில் அன்றைக்குச் சொன்னதுதான் முழு மனசோடு சொன்னது என்று நினைக்கிறேன்.

புது அட்டை மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன. மலை பழுப்பு. அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு அது.

"இந்தப் பழுப்பு நல்லாத்தாம்பா இருக்குது. நம்ம மண்ணு மாதிரி. மலைய இப்படியே உட்டுரலாம். இந்த மூணையும் பரண் புகையில புடிச்சு எடுங்க, நெறம் ஒத்துப்போகட்டும். ஆனா பக்கத்துலயே நில்லுங்க."

பெரிய மொடாப் பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணெரிய நின்றேன். மனைவி கீழே இருந்து ஈரக் கட்டையாகப் பார்த்துச் செருகினாள். "காலைல பழுப்பு தானா வந்துச்சு, இப்ப வேணும்னா வரமாட்டேங்குது பாருங்க," என்றாள். உண்மைதான், அரைமணி நேரம் நின்றும் லேசாகத்தான் நிறம் ஏறியது. அதற்கு மேல் நேரம் இல்லை. ஒட்டிவிட்டாள். பழுப்பு மலைக்கு நடுவில் மூன்று வெளுத்த கோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சுவர், தூண், கூரை எல்லாம் மறுபடியும் செய்தாள். தெர்மகோல் இல்லாததால் கூரைக்கு மெல்லிய அட்டையைச் சீவி மடித்தாள். கட்டர் கீறி அவள் இரண்டு விரலில் துணிக்கட்டு. கடைசிக் கூரையை ஒட்டும்போது பஸ் வர அரைமணி நேரம்தான் இருந்தது.

பஸ்ஸில் நானும் ஏறினேன். எங்கள் இரண்டு பேர் மடியிலும் சேர்த்துப் பலகையை வைத்துக்கொண்டோம்.

"என்னுங்க அது, மூடி வெச்சிருக்கறீங்க, பலாப்பழமா?" என்றார் கண்டக்டர்.

"மலைங்க," என்றாள் மகள்.

"மலையையே கீழ எறக்கறீங்களா? அப்ப ரெண்டு டிக்கெட்டு பத்தாதே!" என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் பஸ் அன்றைக்கு மெதுவாகத்தான் திரும்பியது. ஒவ்வொரு வளைவுக்கும் நான் சாமி பேரைச் சொன்னேன், நிறுத்தித்தான்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு வெளியில் மரத்தடியில் காத்திருந்தேன். மத்தியானம் வந்து சொன்னாள். கூரை இன்னும் வெளியே நீள வேண்டும், இந்தச் சாரலுக்கு இது போதாது என்று பார்க்க வந்த ஒரு டீச்சரம்மா குறை சொன்னார்களாம். இந்தப் பழுப்பு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டாராம்.

"என்ன சொன்ன கண்ணு?"

"எங்கப்பா அடுப்புப் பரண்ல வெச்சுட்டாரு, ரெண்டாந்தடவ செஞ்சதுன்னு சொன்னேன். பாஸ்பா."

அவள் உள்ளே நின்று பயப்படாமல் சொன்னதை நான் ஊரில் சொல்லவில்லை. மாடல் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், பார்க்க வந்த ஒரு பெரியவர் அந்த மூன்று வெளுத்த கோட்டைப் பார்த்து, "அடேங்கப்பா, மலை நெத்தில திருநீத்துப் பட்டை போட்டிருக்குதே! சாமியே கை வெச்சிருக்குது," என்று கும்பிட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் இரண்டு பேர் மாடலுக்குப் பூ வைத்தார்கள். ஒரு மாசத்தில், பிள்ளை அழுதுகொண்டே தூங்கினாள், எழுந்து பார்த்தால் புகை வந்து மாடலைச் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தது என்று கதை திண்ணனூர் நாடு வரைக்கும் போய்விட்டது.

போன தைக்கு மகள் வந்தபோது அந்தப் பூவைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "சாமி செஞ்சதுன்னா, அப்பறம் நான் என்னப்பா செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டாள். அவள் இப்போது நிஜமான கட்டடம் வரைகிறாள்.

சாமி அன்றைக்கு எங்களோடு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் நடுக்கத்தை நிறுத்தியது, வளைவில் பலகையைத் தாங்கியது எல்லாம் அவன் கருணை. ஆனால் அட்டையை வெட்டி ஒட்டியது என் மகளுடைய இரண்டு கை. பாழாக்கியது நான். அந்த மூன்று கோடு, நான் புகை ஏற்றி நேரம் போதாமல் வெளுத்து நின்ற அட்டை.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், சந்தோஷம். சொல்லும்போது பரணை விட்டுவிடாதீர்கள், அந்தத் துணிக்கட்டுப் போட்ட விரலையும் விட்டுவிடாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம், சாமிமேல் உள்ள அன்பில் ஒன்றைக் கூட்டவும் வேண்டாம்.